ஜூன் மாத முதல் ஞாயிறு வருவதற்குள்: தமிழக ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு மறைக்கல்வி ஆசிரியையின் திறந்த மடல்

பேரன்புக்குரிய ஆயர் பெருமக்களுக்கும் பங்குத்தந்தையர் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

தென்மாவட்டம் ஒன்றில் அரசு நிதியுதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியில் நான் தமிழாசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஊர்க் கோயிலில், பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இது 19-ஆவது ஆண்டு. உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்: பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக் கொடுக்க எங்களை அனுப்புகிறீர்கள், அனுப்புவதற்கு முன் எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். ஒரு ஜூன் மாதம், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து படியிறங்கும்போது சிஸ்டர் ஒருவர் என் கையைப் பிடித்தார். "டீச்சர், ஏழாம் வகுப்புக்கு ஆள் இல்ல. நீங்கதான் ஸ்கூல்ல பாடம் எடுக்குறீங்களே, பாத்துக்கோங்க." ஒரு புத்தகம், ஒரு வருகைப் பதிவேடு, இரண்டு சுண்ணக்கட்டி. ஐந்து நிமிடத்தில் மாதா கெபிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் 31 பிள்ளைகள் முன்னால் நின்றேன். அந்தச் சிஸ்டரை நான் குறை சொல்லவில்லை. பங்கு முழுவதற்கும் அவர்கள் இரண்டே பேர். நோயாளிகளைப் பார்ப்பதும் பீடத்துணி துவைப்பதும்கூட அவர்கள்தான்.

மூன்றாவது ஞாயிறு நற்கருணைப் பாடம். நடுவரிசையில் இருந்த பையன் கையைத் தூக்கினான். "மிஸ், பூசையில சாமியார் வசனம் சொன்னதும் அப்பம் இயேசுவா மாறிடுதுல்ல? அப்புறம் ஏன் ருசி மாறல?" பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு வியர்த்தது. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. அது விசுவாசம்" என்றேன். "சரி மிஸ்" என்று உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுக்க அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வகுப்புக்கே வரவில்லை. என் பதிலால்தான் வரவில்லை என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியோடு வந்த பிள்ளையை வாயை மூடிக்கொண்டு உட்கார வைத்தவள் நான். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

எட்டு ஆண்டுகள் கழித்து, தியானத்துக்குப் போன ஓர் இடத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தெரிந்தது, அவன் கேட்டது தவறான கேள்வியே இல்லை என்று. திருச்சபையே அந்தக் கேள்வியை எடுத்துப் பேசி, 1551-ல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில் பதிலும் சொல்லியிருக்கிறது. அப்பத்தின் உள்ளிருக்கும் பொருள் மாறுகிறது; கண்ணுக்கும் நாவுக்கும் எட்டுகிற தோற்றமும் சுவையும் அப்படியே இருக்கின்றன. ருசி மாறாததைத் திருச்சபை ஒளிக்கவில்லை. அது மாறாது என்றுதான் கற்பிக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் தன் புத்தியால் அந்த வாசல்வரை வந்து நின்றிருக்கிறான். கதவைத் திறக்க வேண்டிய என்னிடம் சாவி இல்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைத் தேதி போட்டு எழுதிக்கொள்வேன். தெரிந்தால் அங்கேயே பதில் சொல்வேன். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியல, அடுத்த வாரம் சொல்றேன்" என்பேன். அப்படிச் சொன்னபிறகு பிள்ளைகள் என்னிடம் அதிகமாகவே கேட்க ஆரம்பித்தார்கள்.

நோட்டிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். "டைனோசர எந்த நாள்ல மிஸ் படைச்சாரு?" இது ஐந்தாம் வகுப்பு. வாரநாளில் அறிவியல் வகுப்பில் கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று படிக்கிற பிள்ளை, ஞாயிறன்று ஆறு நாள் என்று கேட்டால் குழம்பத்தான் செய்யும். தொடக்கநூல் அறிவியல் பாடமாக எழுதப்படவில்லை என்பதும், 1950-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மனித உடலின் பரிணாமத்தைப் பற்றி ஆராயத் தடையில்லை என்று எழுதினார் என்பதும் எத்தனை மறைக்கல்வி ஆசிரியர்களுக்குத் தெரியும்? பெருவெடிப்புக் கொள்கைக்கு அடிப்படை போட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்று நான் வகுப்பில் சொன்ன அன்று ஒரு பையன், "நிஜமாவா மிஸ், சாமியாரா?" என்று மூன்று தடவை கேட்டான். முகமெல்லாம் வெளிச்சம். பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் இரண்டு தனித்தனி உலகமாகத் தலையில் சுமக்க வேண்டியதில்லை என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க தாத்தா இந்து. யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணினது இல்ல. அவரு மோட்சத்துக்குப் போவாரா?" இதைக் கேட்ட பெண்பிள்ளையின் தாத்தா முந்தின வாரம்தான் இறந்திருந்தார். எங்கள் ஊரில் ஒரே வீட்டுக்குள் இரண்டு சமயம் இருப்பது சாதாரணம். பயிற்சி இல்லாத ஆசிரியர் அவசரத்தில் எதையாவது சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை என்ன ஆகும்? 1964-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருச்சபை பற்றிய தன் கொள்கை விளக்கத்தின் 16-ஆவது எண்ணில் இதைப் பற்றிப் பேசுகிறது. தம் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர்கள் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டும் வழியில் நடக்க முயன்றால் அவர்களும் மீட்புப் பெற முடியும் என்கிறது. இதைத்தான் அவளுக்குப் புரிகிற பேச்சில் சொன்னேன். அழுதாள். அப்புறம் தாத்தாவுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லலாமா என்று கேட்டாள். எல்லாரும் சேர்ந்து சொன்னோம்.

இந்தக் கேள்விகள் எதற்கும் பாடப்புத்தகத்தில் நேரடியான பதில் கிடையாது. எந்தப் புத்தகத்திலும் எல்லாக் கேள்விக்கும் இடம் இருக்காது. ஆசிரியர்தான் பதில். அவர் தயாராக இருந்தால் பிள்ளைக்கு விசுவாசம் கிடைக்கும். இல்லாவிட்டால் மனப்பாடம் மட்டும் மிஞ்சும்.

இதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நம் தமிழ்த் திருச்சபை இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. 1542-ல் தூத்துக்குடிக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் பத்துக் கட்டளையையும் தமிழாக்கி, தானும் அவற்றை மனப்பாடம் செய்தார். அதன்பிறகுதான் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். ஓர் ஊரிலேயே தங்கியிருக்க அவரால் முடியாது. அதனால் ஊருக்கு ஊர் ஒரு கணக்கப்பிள்ளையை, அதாவது உபதேசியாரை, ஏற்படுத்தி, தான் போனபிறகும் சொல்லிக் கொடுக்க வழி செய்தார். அவர்களுடைய சம்பளத்துக்கு எங்கே போனார் தெரியுமா? முத்துக்குளித்துறை மக்கள் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒரு வரி கட்டி வந்தார்கள். அந்தப் பணத்தை இவர்களுக்குக் கொடுக்கும்படி அரசிக்கே எழுதிக் கேட்டு வாங்கினார். அரசியின் செருப்புக் காசில் நம் முன்னோர் ஞானோபதேசம் படித்தார்கள். எங்கள் பங்கின் வரவு செலவு வாசிக்கப்படும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. திருவிழா மின்விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் தனித்தனியாகத் தொகை இருக்கும். மறைக்கல்விக்கென்று இருப்பது பரிசுப் பாத்திரம் வாங்கின செலவு மட்டும்.

சவேரியாருக்குப் பின்வந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். வெறும் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த நாட்டில் அச்சான முதல் புத்தகம் அதுதான், அதுவும் ஒரு மறைக்கல்விப் புத்தகம். தமிழாசிரியையாகவும் மறைக்கல்வி ஆசிரியையாகவும் இருக்கிற எனக்கு இதைவிடப் பெருமை வேறு எது? என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். அப்புறம் வீரமாமுனிவர். காவியம் பாடிய அதே கை, ஊர் ஊராகப் போய் உபதேசம் செய்கிற வேதியர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு புத்தகம் எழுதியது. எப்படி வாழ வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று அவர்களை உட்கார்த்தி வைத்துச் சொல்வது போன்ற புத்தகம். உபதேசியாரை உருவாக்காமல் உபதேசம் நடக்காது என்று அவர்கள் எல்லாரும் உணர்ந்திருந்தார்கள்.

ரோமாபுரியும் இதையேதான் சொல்கிறது. 1997-ல் வந்த மறைக்கல்விப் பொது வழிகாட்டி, பொதுநிலை மறைக்கல்வியாளரின் பயிற்சிக்கு மறைமாவட்டங்கள் முதலிடம் தர வேண்டும் என்றது. 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். ஆயர் தம் கையால் நிலைப்படுத்துகிற பணி அது. அதற்கான சடங்குமுறையும் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் பங்கில் இதைப் பற்றி இதுவரை ஓர் அறிவிப்புகூட வந்ததில்லை. எங்களோடு மறைக்கல்வி எடுக்கிற 14 பேரில் முறையான பயிற்சி பெற்றவர் யாரும் இல்லை. ஜவுளிக்கடையில் நிற்கிற பெண், கல்லூரி முதலாண்டு படிக்கிற இரண்டு பேர், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், நான். எல்லாருக்கும் நல்ல மனசு இருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் சொல்லித் தரப்படவில்லை.

எங்களுக்குக் கிடைக்கிற நேரத்தையும் கணக்குப் பாருங்கள். திருவிழா, தேர்வு, கோடை விடுமுறை எல்லாம் போக ஆண்டுக்கு 30 ஞாயிறு தேறினால் அதிகம். ஒன்றுக்கு 45 நிமிடம். மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரம். ஒரு பிள்ளை ஒரே ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் உட்காருகிற நேரம்கூட அது இல்லை. அதிலும் கோயிலுக்குள்ளேயே ஆறு வகுப்பு. ஒரு மூலையில் மோசே செங்கடலைப் பிளக்கும்போது அடுத்த மூலையில் "அமைதியா இரு" என்று அதட்டல். இந்தச் சொற்ப நேரத்திலும் திசம்பர் தாண்டிவிட்டால் பாடம் நின்று மறைக்கல்வித் தேர்வுக்கான தயாரிப்பு ஆரம்பித்துவிடும். கோடிட்ட இடம் நிரப்பு, பொருத்துக, மறைமாவட்ட அளவில் முதல் மதிப்பெண். எந்தப் பங்கு எத்தனை பரிசு வாங்கியது என்பதில் பெரியவர்களுக்குத்தான் போட்டி.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் பிள்ளை ஒருவன் இருந்தான். சிலுவைப்பாதையில் ஒவ்வொரு தலத்திலும் முதலில் முழங்காலிடுவது அவன்தான். தேர்வுத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "பெயிலானா புதுநன்மை கிடையாதா மிஸ்?" புதுநன்மை என்கிற முதல் நற்கருணையைப் பற்றி யாரோ அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 2020-ல் வந்த புதிய மறைக்கல்வி வழிகாட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு நற்கருணை போன்ற அருளடையாளங்களை யாரும் மறுக்க முடியாது என்கிறது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-லேயே, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணை அப்பத்துக்கும் வேறுபாடு தெரிகிற வயது போதும் என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தியைத் திறந்துவிட்டார். அந்தப் பந்தியின் வாசலில் மதிப்பெண் பட்டியலோடு ஆள் நிறுத்தியிருக்கிறோம். தேர்வு அடியோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரவரிசை வேண்டாம், பரிசுப் போட்டி வேண்டாம். புதுநன்மையையும் உறுதிபூசுதலையும் மதிப்பெண்ணோடு முடிச்சுப்போடும் பேச்சு எந்தப் பங்கிலும், விளையாட்டுக்குக்கூட, வேண்டாம்.

மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தக் காலத்துப் பயிற்சிகளில் மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என் அம்மாச்சி பள்ளிக்கூடம் போனவர் இல்லை. சின்னக் குறிப்பிடம் என்கிற பழைய ஞானோபதேசக் கேள்வி-பதில் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். சர்வேசுரனுடைய இலட்சணம் ஆறையும், தாமாயிருக்கிறார், துவக்கமும் முடிவும் இல்லாமலிருக்கிறார் என்று, முற்றம் பெருக்கிக்கொண்டே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். கடைசிக் காலத்தில் என் அம்மாவைக்கூட அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அப்போதும் யாராவது கிருபை தயாபத்து மந்திரத்தைத் தொடங்கினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை சொல்லி முடிப்பார். மனதில் அப்படி ஊறுவது சாதாரணமா? ஆனால் அம்மாச்சி எங்களுக்கு வரிகளை மட்டும் கொடுக்கவில்லை. 'சரீரமில்லாமலிருக்கிறார்' என்றால் என்ன என்று நான் கேட்டபோது பெருக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் காத்து உம் மேல படுதுல்ல, கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டார். வரிகளும் வேண்டும், பக்கத்தில் அம்மாச்சியும் வேண்டும். இன்றைக்குப் பல வீடுகளில் அந்த அம்மாச்சி இல்லை. அவருடைய இடத்தில்தான் நாங்கள் நிற்கிறோம்.

பள்ளிக்கூடத்து நிலைமை வேறு. அங்கே கால அட்டவணையில் வாரம் இரண்டு பாடவேளை உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும், பெற்றோரின் சம்மதம் இல்லாமல், சமய போதனையில் கலந்துகொள்ள வற்புறுத்தக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 28(3)-ஆம் பிரிவு. நான் அதை மனமார மதிக்கிறேன். விசுவாசத்தை யார்மேலும் திணிக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் 1965-ல் சமய விடுதலை பற்றிய ஏட்டில் சொல்லியிருக்கிறது. என் வருத்தம், நம் சொந்தப் பிள்ளைகளுக்கான அந்த இரண்டு பாடவேளையை நாமே மதிக்கவில்லை என்பதுதான். பத்தாம் வகுப்பு என்றால் சனவரியிலேயே அது கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும். நடக்கிற மாதங்களிலும் யார் எடுக்கிறார்கள்? அந்த நேரம் ஓய்வாக இருக்கிற கத்தோலிக்க ஆசிரியர். கணக்கு நடத்த பி.எட். கேட்கிறோம், தகுதித் தேர்வு கேட்கிறோம். கடவுளைப் பற்றிப் பேச, திருமுழுக்குச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டோம். பங்கில் என்ன பாடம் ஓடுகிறது என்று பள்ளிக்குத் தெரியாது, பள்ளியில் என்ன ஓடுகிறது என்று பங்குக்குத் தெரியாது. ஒரே பிள்ளை ஒரே வாரத்தில் ஆபிரகாமை இரண்டு முறை கேட்டுவிட்டு, ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி ஒரு முறையும் கேட்காமல் எட்டாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறது.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், உறுதிபூசுதலுக்குத் தயாரிக்கிற வகுப்பு. திருமுழுக்குப் பாடம். கிறிஸ்துவோடு இணைந்தவர் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் திருமுகப் பகுதியை வாசித்தோம். கடைசி வரிசையில் இருந்த பெண்பிள்ளை எழுந்தாள். "அப்போ நம்ம ஊர்ல மட்டும் ஏன் மிஸ் ரெண்டு கல்லறைத் தோட்டம்?" வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அவள் எந்தத் தெருப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். "அது தப்பு பாப்பா. அது பாவம். அதைப் பாத்துக்கிட்டே இத்தனை வருசம் நானும் சும்மா இருந்திருக்கேன்" என்றேன். பிறகு திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தைப் பற்றிச் சொன்னேன். கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்த சுவரை 1910-ல் இடித்ததையும், அதே வடக்கன்குளத்தில் 1745-ல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 2022-ல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்படுவதற்கு முன் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரைத் திருச்சபை நீக்கியதையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே பாடத்தோடு சேர்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே பங்குப்பேரவையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைகளுக்குத் தேவையில்லாததைச் சொல்லிக் கொடுக்கிறேனாம். அப்போது எங்கள் பங்குத்தந்தையாக இருந்தவர் நல்லவர், ஏழைகளிடம் அன்பானவர். அவரும், "கொஞ்ச நாள் அந்தப் பாடத்த விட்டுடுங்க டீச்சர், ஊர் அமைதி முக்கியம்" என்றார். எந்தப் பாடத்தை விடுவது? அது திருமுழுக்குப் பாடம். அதை விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஆயர் பெருமக்களே, பிள்ளைகள் எங்கள் புத்தகத்தையும் ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டும் பொருந்தாதபோது புத்தகத்தைத்தான் பொய் என்று முடிவு செய்கிறார்கள். கல்லறைச் சுவரை இடிக்க என்னால் முடியாது, உங்களால் முடியும். அதுவரைக்கும் வகுப்பில் உண்மையைச் சொல்கிற ஆசிரியர் பக்கம் நில்லுங்கள்.

பெற்றோரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவர்கள்தான் பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று 1965-ல் அதே பொதுச்சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏடு சொன்னது. வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு 45 நிமிடம் கழித்து ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடம் எங்களால் பேச முடிவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டங்கள் எதற்கு இருக்கின்றன? மாதம் ஒரு அன்பியக் கூட்டத்தில், இந்த மாதம் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று பத்து நிமிடம் பேச இடம் கொடுத்தால் நாங்கள் வருவோம். "ஒன்பதாவது வந்துட்டான், ஞாயித்துக்கிழமையும் டியூசன்" என்று நிறுத்துகிற அப்பாவிடம் நாங்கள் பேசுவதைவிட, மறையுரையில் பங்குத்தந்தை ஒரு வார்த்தை சொன்னால் எடுபடும்.

சரி, நான் கேட்பதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். மே மாதத்தில் ஐந்து நாள் பயிற்சி. பக்கத்துப் பங்குகள் சேர்ந்த மறைவட்ட அளவில், மாலை வேளைகளில். திண்டிவனத்தில் நமக்கென்று விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. 1967-ல் பெங்களூரில் தேசிய அளவிலான மையத்தைத் தொடங்கி வளர்த்த அமலோற்பவதாஸ் அடிகளார் நம் மண்ணில் பிறந்தவர். நமக்கு அறிவுக்கோ ஆளுக்கோ பஞ்சமில்லை. ஆனால் ஜவுளிக்கடைப் பெண்ணால் ஒரு வாரம் விடுப்பெடுத்துத் திண்டிவனத்துக்குப் போக முடியாது, போனால் சம்பளம் போய்விடும். பயிற்சி அவள் ஊருக்கு வர வேண்டும். அந்த ஐந்து நாளில் விவிலியத்தை எப்படி வாசிப்பது, பிள்ளையின் கேள்வியை எப்படி எதிர்கொள்வது, மெதுவாகக் கற்கும் பிள்ளையை எப்படி நடத்துவது என்பதோடு, 2012 போக்சோ சட்டத்தின் கீழ் எங்கள் பொறுப்பு என்ன என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளோடு பழகுகிற யாரும் அது தெரியாமல் இருக்கக் கூடாது. இந்தப் பயிற்சி முடிக்காதவர் கையில், ஆள் பற்றாக்குறை என்றாலும், வருகைப் பதிவேட்டைக் கொடுக்காதீர்கள். ஆள் குறைந்தால் இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்திக்கொள்கிறோம்.

அதன்பிறகு மாதம் ஒரு மாலை, பங்குத்தந்தை எங்களோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அறிவிப்புகள் வாசிக்க வேண்டாம், வரவு செலவு வேண்டாம். நாங்கள் பிள்ளைகளின் கேள்விகளைக் கொண்டுவருவோம். நீங்கள் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் மெய்யியலும் இறையியலும் படித்தவர்கள். அந்தப் படிப்பில் ஒரு மணி நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள். அந்தப் பையனுக்கு நான் சொல்லத் தவறிய பதில், அன்றைக்கு என் பங்குத்தந்தையின் அறையில், நான் நின்ற வேப்பமரத்திலிருந்து ஐம்பதடி தூரத்தில் இருந்தது. கேட்கலாம் என்று எனக்கும் தெரியவில்லை, கேளுங்கள் என்று அவரும் சொல்லவில்லை.

பங்கின் ஆண்டுக் கணக்கில் மறைக்கல்விக்கென்று ஒரு தொகை எழுதுங்கள். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். தட்டிகள் வைத்து வகுப்புகளைப் பிரிக்கவும், ஆசிரியருக்கு ஆளுக்கொரு நல்ல விவிலிய விளக்கவுரையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் வாங்கிக் கொடுக்கவும் திருவிழா மின்விளக்குச் செலவில் ஒரு பகுதி போதும்.

வருகிற ஜூன் முதல் ஞாயிறன்று எங்கள் பங்கில் நான்காம் வகுப்புக்கு ஒரு புதுப் பெண் வருகிறாள். பிளஸ் டூ முடித்து இப்போதுதான் கல்லூரியில் சேரப் போகிறாள். அவளும் என்னிடம் படித்தவள்தான். பயமாக இருக்கிறது என்றாள். என் நோட்டைப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவள் அதைப் படித்துவிட்டு, "இதுக்கெல்லாம் நான் எங்க போய் பதில் கத்துக்கிறது மிஸ்?" என்று கேட்டாள். அவளை மே மாதம் எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள். பேருந்துச் செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவில் அன்புடன்,
தென்மாவட்டப் பங்கு ஒன்றின் மறைக்கல்வி ஆசிரியை